அப்பாவின் டி டிரைவ்

"டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்கு. போட்டா நீலமா இங்கிலீஷ்ல என்னமோ எழுதி வருது, பொறவு தானா ஆஃப் ஆயிருது."

அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான். அந்த 'டொக்கு டொக்கு' போதும், ஹார்ட் டிஸ்க் போகிறது என்று தெரிந்துவிட்டது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "நாலஞ்சு நாளாச்சு. தெனமும் காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ போட்டுப் பாக்கேன். ஒரு நா வருது, ஒரு நா வரமாட்டேங்கு." எனக்கு வயிற்றைக் கலக்கியது. இனிமேல் தொடவே வேண்டாம், பின்பக்கம் இருக்கிற பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. டிவியோ மிக்சியோ மக்கர் செய்தால் நாலு தடவை போட்டுப் பார்த்துதான் அவருக்குப் பழக்கம்.

லேப்டாப் என் தங்கையுடையது. 2013இல் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் ஒன்று. 14 அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. கூடவே சென்னை சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் ஒரு பக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் திறந்ததில்லை. தங்கை கல்லூரி முடிக்கிறவரை அதை வைத்திருந்தாள். கல்யாணமாகிப் போனதும் லேப்டாப் அப்பாவிடம் வந்தது. பதினோரு வருஷம் ஓடிய டிஸ்க்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் அவர் அடித்து வைத்திருந்தவை: குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வந்த வரிப்பணம், செலவுக் கணக்கு, எங்கள் வகையறாவின் ஏழு தலைமுறை வம்சாவளி, ஊருக்குள் யார் யாருக்கோ அடித்துக் கொடுத்த மனுக்கள். எல்லாம் டி டிரைவில். சி டிரைவில் எதையும் வைக்காதீங்க, ஃபார்மேட் அடித்தால் போய்விடும் என்று பல வருஷம் முன்னால் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சியும் டியும் ஒரே தட்டின் இரண்டு பங்குதான், தட்டே போனால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பதை மட்டும் சொல்லித்தர மறந்துவிட்டேன். இன்னொரு பிரதியும் கிடையாது. பென்டிரைவில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தால் போட்டிருப்பார். நான் சொல்லவில்லை.

டிஸ்க் டொக்கென்று ஏன் சத்தம் போடுகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுகிறது. அதன் மேலே சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. முனைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தட்டில் எழுதியிருக்கும் குறிகளைப் படித்தால்தான் தெரியும். குறி படிக்க முடியாவிட்டால் முனையைத் தாங்கும் கை ஓரத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி முதலிலிருந்து வரும். அந்தப் போக்குவரத்துதான் நாம் கேட்கிற 'டொக்'. முனையோ தட்டோ ஏற்கெனவே அடிபட்டிருந்தால், ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அடிபட்ட முனையை நல்ல இடத்தின் மேலேயும் ஓட்டுகிறோம். இதோடு விண்டோஸ் தன் பங்குக்கு, டிஸ்க் சரியில்லை என்று கண்டதும் கருப்புத் திரையில் செக்டிஸ்க் ஓட்டத் தொடங்கும். அது பழுதைத் 'திருத்த' டிஸ்க்கில் எழுதும். செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கில் எழுதுவது சரியான காரியமே இல்லை. அதனால்தான் அப்பாவிடம் பேட்டரியையே கழற்றச் சொன்னேன்.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னைக் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எதை வெளியே எடுத்தாலும் அரை நிமிஷத்தில் வேர்த்துவிடும். டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கிறது. மேல்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கல் முடிந்து துணிமணிக்கு நடுவே சுற்றி வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். அன்று இரவே பிரித்தேன். இந்த மாதிரிப் பழைய லேப்டாப்களில் அது சுலபம்: கவிழ்த்துப் போட்டு, பேட்டரியை எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அமுக்கி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கீழ் மூடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிஸ்க் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தகரத் தொட்டிலில் உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் நாக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால், டிஸ்க்கைக் கணினியோடு சேர்க்கும் சாட்டா இணைப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மேல்நோக்கி நெம்பக் கூடாது, இணைப்பு உடையும். சில லேப்டாப்களில் கீபோர்டு, மதர்போர்டு வரை கழற்ற வேண்டியிருக்கிறது.

முதல் தவறு என்னுடையது. டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேபிளில் மாட்டி என் டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையில் செருகினேன். 'டொக்... டொக்... டொக்', பிறகு மௌனம், மறுபடி 'டொக்'. டிஸ்க் வந்ததாகவே காட்டவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று வாக்கியம்கூட மனதில் தயாராகிவிட்டது. கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: தட்டைச் சுழலவிடும் அந்த முதல் விநாடியில் இந்த டிஸ்க்குகள் ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது அரை ஆம்பியர்தான். மின்சாரம் போதாமல் தட்டு வேகம் எடுக்க முடியாமல் போனாலும் இதே சத்தம்தான் வரும். சாகாத டிஸ்க்கையே செத்துவிட்டதாக எழுதிவிடலாம்.

டெஸ்க்டாப்பின் பக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் நேரடியாக மாட்டினேன். லேப்டாப் டிஸ்க்குக்கும் டெஸ்க்டாப் டிஸ்க்குக்கும் சாட்டா வாய் ஒன்றேதான், அடாப்டர் எதுவும் வேண்டாம். லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பினேன். டிஸ்க் தெரிந்தால் தானாகத் திறந்துவிடும் வசதியை முதலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு டொக், இரண்டு டொக், பிறகு சீரான முனகல். 320 ஜிபி டிஸ்க், கணினிக் கணக்கில் 298, திரையில் வந்து நின்றது.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பை மட்டும் ஒரு தடவை படித்தேன். ஓடிய நேரம் 13,200 மணி சொச்சம். ஐந்தாம் எண் வரி, அதாவது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகள், நூற்றுக்கணக்கில். 197ஆம் வரி, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் துண்டுகள், அதைவிட அதிகம். 199 மட்டும் பூஜ்யம். அது ஏறியிருந்தால் கேபிளைச் சந்தேகப்படலாம், டிஸ்க் தப்பித்திருக்கும். இத்தனைக்கும் மேலே 'மொத்த உடல்நிலை: தேறியது' என்று ஒரு வரி. அந்த வரியை நான் எப்போதும் நம்புவதில்லை. 197 ஏறத் தொடங்கிவிட்டால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான், மற்ற எண்கள் என்ன சொன்னாலும் சரி.

அடுத்தது மீட்பு. கோப்பு கோப்பாக இழுத்துப் போடக் கூடாது. ஒரு கோப்பு சிக்கினால் அங்கேயே நின்று டிஸ்க்கை அரைத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் முழுவதையும் ஒரே பிம்பமாக, அதாவது உள்ளதை உள்ளபடி ஒரே பெரிய கோப்பாக, வேறு டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். அதற்கு டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தது. இதன் புத்தி இப்படிப் போகிறது: முதல் சுற்றில் நல்ல இடங்களை மட்டும் வேகமாக அள்ளும். படிக்கச் சண்டித்தனம் செய்கிற இடம் வந்தால் மல்லுக்கட்டாமல் தாண்டிக் குதிக்கும். எங்கே குதித்தோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்ளும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களைச் செதுக்கும், கடைசியாகச் சுரண்டும். கரண்ட் போனாலும் பரவாயில்லை, வரைபடம் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த வரைபடத்தைக் கணினியின் தற்காலிக நினைவில் எழுதாமல் டிஸ்க்கில் எழுதச் சொல்ல வேண்டும். பென்டிரைவில் ஓடும் லினக்ஸில் இது பலருக்கு மறந்துபோகும்.

இரவு பத்தரைக்கு ஓடவிட்டேன். முதல் ஐந்து நிமிஷம் விநாடிக்கு 70 எம்பி. பிறகு சட்டென்று 200 கேபிக்கு விழுந்தது, டொக் சத்தம், மறுபடி ஏறியது. தொட்டுப் பார்த்தால் டிஸ்க் சுட்டது, 52 டிகிரி என்றது. டேபிள் ஃபேனை நேராக அதன் மேல் திருப்பி வைத்தேன். அரை மணியில் 38க்கு இறங்கியது. நான் வேர்த்துக்கொண்டே படுத்தேன்.

காலையில் பார்க்கும்போது 99.91 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 320 ஜிபியில் 0.09 சதவீதம் என்பது 288 எம்பி. அப்பாவின் கோப்புகள் எல்லாம் சேர்ந்தே அவ்வளவு வராது. அத்தனையும் அந்த ஓட்டைக்குள் விழுந்திருக்கலாம். அடுத்து, பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னேன். ஏறுமுகமாக வரும்போது ஒரு கெட்ட இடத்தில் முட்டி நிற்கிற முனை, மறுபக்கத்திலிருந்து வந்தால் அதன் விளிம்பு வரை படித்துவிடும். அதுவும் ஒரு பகல் ஓடியது. பிறகு விட்டவற்றுக்கு மூன்று முறை மறுமுயற்சி. மூன்றாம் நாள் இரவு எண் 99.98இல் நின்றது, மீதி 41 எம்பி. இரண்டு மணி நேரமாக அந்த எண் அசையவில்லை. டொக் சத்தம் வேறு தடித்துக்கொண்டே வந்தது. அணைத்துவிட்டேன். அந்த டிஸ்க் அதன் பிறகு சுற்றவில்லை. ஆசைக்கு ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன், மூன்று டொக் போட்டு நின்றுவிட்டது. அப்பா இன்னும் ஒரு வாரம் போட்டுப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவில்லை.

போன 41 எம்பியில் யாருடைய கோப்பு இருந்தது? இதற்கு டிடிரெஸ்க்யூவிலேயே ஒரு தந்திரம் உண்டு. மீட்க முடியாமல் போன இடங்களை மட்டும், பிம்பத்தில், நாம் கொடுக்கிற ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சொல்லை உண்டாக்கி நிரப்பினேன். பிறகு பிம்பத்தைப் படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்து, எந்தெந்தக் கோப்பில் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடவிட்டேன். முப்பத்தொரு கோப்பு. இருபத்தேழு விண்டோஸின் சொந்தச் சாமான்கள், போகட்டும். இரண்டு தங்கையின் பாட்டுகள். மீதி இரண்டு டி டிரைவில், அப்பாவுடையவை: வம்சாவளியின் பழைய பிரதி ஒன்று, அதன் புதிய பிரதி பக்கத்திலேயே முழுசாக இருந்தது. இன்னொன்று 2019 கொடைக் கணக்கு.

யாரும் திறக்காத பாஸ் லினக்ஸ் பகுதி நூற்றுக்கு நூறு மீண்டிருந்தது.

சந்தோஷமாகப் புதிய வம்சாவளியைத் திறந்தேன். திரை முழுக்கக் குப்பை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கலந்து பக்கம் பக்கமாக ஓடின. அடுத்த கோப்பைத் திறந்தேன், அதுவும் குப்பை. பத்துக் கோப்பு திறந்து பார்த்தேன். நான் நிரப்பிய சொல் எதிலும் இல்லை, அளவு சரியாக இருக்கிறது, ஆனால் உள்ளே எல்லாம் சிதைந்திருக்கிறது. மூன்று நாள் வேலை வீணென்று நாற்காலியில் சாய்ந்தேன்.

கொடைக் கணக்குகளின் முதல் வரி மட்டும் எல்லாக் கோப்பிலும் ஒரே மாதிரி இருந்தது. சின்ன எம், பெரிய யூ, சின்ன எஸ், ஒரு அரைப்புள்ளி, கே, பி, பெரிய எஃப். கெட்டுப்போன டிஸ்க் ஏழு கோப்பை ஒரே மாதிரியா கெடுக்கும்? கீபோர்டைக் குனிந்து பார்த்தேன். எஸ். சின்ன வயதில் அப்பா என்னை மடியில் வைத்து ரெமிங்டன் மெஷினில் விரல் பிடித்துச் சொல்லித்தந்த முதல் பாடம் 'யளனக'. ஏ, எஸ், டி, எஃப். இரண்டாவது விரல், ள. வலது கைச் சுண்டுவிரலில் புள்ளி, அதுதான் அரைப்புள்ளி இருக்கிற இடம். எஸ், அரைப்புள்ளி: ள். பெரிய எஃப்: கு. அ, ரு, ள், மி, கு.

அருள்மிகு.

கோப்பு கெடவில்லை. பாமினி எழுத்துரு என் கணினியில் இல்லை, அவ்வளவுதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. பாமினி பழைய தட்டச்சு மெஷின் வரிசையை ஒட்டியது என்பதால் அப்பா போன்றவர்கள் அதை விட்டு வரவே இல்லை. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடுக்கு மாற ஆணையிட்டுவிட்டது, அப்பாவின் விரல்களுக்கு அந்த ஆணை எட்டவில்லை. பிம்பத்தில் விண்டோஸின் எழுத்துரு அடைவுக்குப் போய்ப் பாமினியை எடுத்து என் கணினியில் போட்டேன். மறுபடி திறந்ததும் ஏழு தலைமுறையும் வரிசையாக வந்து நின்றார்கள். பழைய கணினியிலிருந்து கோப்பை மீட்கிறவர்கள் எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மீட்டதையே குப்பை என்று அழித்துவிடுவீர்கள்.

சனிக்கிழமை ரிச்சி தெரு, சென்னையின் கணினிச் சாமான் சந்தை. பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் 600 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் வீட்டில் ஓடித் தேய்ந்ததை வாங்கி அதே வேலையை மறுபடி செய்ய எனக்குத் தெம்பில்லை. சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்கினேன்: 256 ஜிபி, சாட்டா, 1,650 ரூபாய். விலை கூடின, வேகமான ரகத்தைக் காட்டினார்கள். இந்த லேப்டாப்பின் சாட்டா இரண்டாம் தலைமுறை, விநாடிக்கு 3 கிகாபிட், எந்த எஸ்எஸ்டி மாட்டினாலும் 280 எம்பி பக்கம்தான் தொடும். 550 எம்பி என்று பெட்டியில் போட்டிருப்பதற்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. எம்.2 என்று சூயிங்கம் பட்டை மாதிரி வருகிறதே, அதுவும் இதில் உட்காராது. அப்படியே பழைய டிடிஆர்3 ராம் ஒன்று, 2 ஜிபி, 450 ரூபாய்க்கு வாங்கினேன். எஸ்எஸ்டி போட்டும் ராம் 2 ஜிபியாகவே இருந்தால் இந்தக் காலத்து பிரவுசர் மூச்சுத் திணறும்.

தகரத் தொட்டிலை டிஸ்க்கோடு பிடித்திருந்தவை நான்கு சின்ன ஸ்க்ரூ. மூன்று வந்தன. நான்காவது வரவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் பசை போட்டு முறுக்கியிருந்தார்கள். நான் அழுத்தித் திருகத் திருக அதன் தலையில் இருந்த பிளஸ் வட்டமாகிக்கொண்டே வந்தது. ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருகினால் பிடிக்கும் என்பார்கள், ரப்பர் பேண்டுதான் கிழிந்தது. குறடு வைத்துப் பிடிக்க இடமில்லை. கடைசியில் டிஸ்க்கைத் தொட்டிலோடு எடுத்துக்கொண்டு தெருமுனை வாட்ச் கடைக்குப் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டி ஸ்க்ரூவைப் பார்த்தார், பிறகு என் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிப் பார்த்தார். "ஸ்க்ரூ மேல தப்பில்ல தம்பி. உங்க ஸ்டார் மொன மழுங்கிடுச்சி." தன்னுடையதை எடுத்து ஸ்க்ரூ மேல் நிறுத்தி, பின்பக்கத்தில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, கால் சுற்று உள்நோக்கி முறுக்கி, பிறகு வெளியே திருகினார். கிளிக் என்று விட்டது. காசு வாங்க மாட்டேன் என்றார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே நூறு ரூபாய்க்கு நல்ல ஸ்டார் ஒன்று வாங்கினேன். வருஷக்கணக்காக வைத்திருந்த அந்த மழுங்கலைக் குப்பையில் போட்டேன்.

பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. பக்கவாட்டு ஓட்டைகள் கீழ் விளிம்பிலிருந்து அளக்கப்படுவதால் தொட்டிலில் கச்சிதமாக உட்கார்ந்தது, மேலே மட்டும் இரண்டரை மில்லிமீட்டர் காலி. பெட்டியிலேயே அந்த இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் கொடுத்திருந்தார்கள், ஒட்டினேன். தொட்டிலே இல்லாத மாடல் என்றால் இந்தச் சட்டம் அவசியம், இல்லாவிட்டால் எஸ்எஸ்டி ஆடி ஆடி இணைப்பு தளரும். உள்ளே தள்ளி, மூடி, பேட்டரி போட்டு ஆன் செய்தேன். ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் சாட்டா நிலை ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பழைய ஐடிஇ நிலையில் இருந்தால் எஸ்எஸ்டி ஓடும், ஆனால் பாதி உயிரோடு ஓடும். கடிகாரம் 2009 ஜனவரி 1 என்றது. மதர்போர்டில் இருக்கிற நாணய பேட்டரியும் போயிருந்தது. அதை எட்ட லேப்டாப் முழுவதையும் பிரிக்க வேண்டும், அன்றைக்கு விட்டுவிட்டேன்.

பழைய பிம்பத்தை அப்படியே எஸ்எஸ்டியில் இறக்க நான் விரும்பவில்லை. விண்டோஸின் இருபத்தேழு கோப்பு ஓட்டை. போதாக்குறைக்கு விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு கதவைச் சாத்திவிட்டது. அதனால் லினக்ஸ் மின்ட் 21.3 போட்டேன், எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ திரை அமைப்போடு. 2027 வரை திருத்தங்கள் வரும், 4 ஜிபி ராமில் சிரமமில்லாமல் ஓடுகிறது. இருபது நிமிஷத்தில் நிறுவி முடிந்தது. முன்பு மூன்றரை நிமிஷம் எடுத்த லேப்டாப் இப்போது இருபத்தைந்து விநாடியில் எழுந்தது. படிக்கும் வேகத்தை அளந்தால் 260 எம்பிதான். வித்தியாசம் அதில் இல்லை. பழைய தட்டில் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் முனை நகர்ந்து போய்ச் சேர பத்துப் பதினைந்து மில்லிவிநாடி ஆகும். எஸ்எஸ்டியில் நகர எதுவுமே இல்லை.

மீட்ட கோப்புகளையும் பாமினியையும் போட்டேன். ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று என்னிடம். பிறகு லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் கருவியின் விசைப்பலகைப் பட்டியலைத் துழாவும்போது தமிழ்99, ஒலிபெயர்ப்பு இவற்றுக்குக் கீழே 'தட்டச்சு மெஷின்' என்றே ஒன்று இருந்தது. பழைய வரிசையில் அடித்தால் நேராக யூனிகோடில் விழும். ஏ, எஸ், டி, எஃப் அடித்துப் பார்த்தேன். யளனக.

அடுத்த மாதம் ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பா ஆன் செய்துவிட்டு வழக்கம்போல் செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வரும்போது திரை தயாராக நின்றதைப் பார்த்து, "அணைக்காமலேயே வச்சிருந்தியா?" என்றார். வம்சாவளியைத் திறந்து, தாத்தாவின் தாத்தா பேரில் இருந்த எழுத்துப்பிழை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

2019 கொடைக் கணக்கு மட்டும் போய்விட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மூன்று ராத்திரி, டேபிள் ஃபேன், பின்னாலிருந்து படித்தது எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். எழுந்து போய் பீரோவைத் திறந்து, நீள வாக்கில் மடித்த ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முழுக்க அவர் கையெழுத்து. வரிப்பணம், பந்தல், மேளம், வில்லுப்பாட்டுக்காரர் சம்பளம், ஆட்டுக்கடா.

"இதப் பாத்துதான டைப் அடிச்சேன்?" என்றார்.

மற்ற வருஷத்து நோட்டுகளும் இருக்கின்றனவா என்று கேட்டேன். பீரோவைக் காட்டினார். பதினொன்று இருந்தன. நான் அவற்றை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணாடியை மாட்டி, 2019ஐ விரித்து வைத்து, முதல் வரியை அடிக்கத் தொடங்கியிருந்தார்.